திரையில் தமிழும் பட்டறை உரிமையும்

கருவி செய்வோன் வரம்பு செய்கின்றான். அதனைக் கையாள்வோன் அவ்வரம்புக்குள் நின்றே தொழில் செய்கின்றான். இஃது ஏரும் தறியும் தோன்றிய நாள்தொட்டு உலகம் கண்டுவரும் உண்மை. மேழி தன் கைக்கு உயர்ந்திருப்பினும் தாழ்ந்திருப்பினும், ஏர் செய்யத் தெரியாத உழவன் நிமிர்ந்தோ குனிந்தோ அதற்குத் தன் உடலை ஒத்துவித்துக் கொள்வானேயன்றி, அதனைத் தன் உடலுக்கு ஒத்துவிக்க அவனால் இயலாது. கணித்திரையில் தமிழுக்கு நேர்ந்துள்ள நிலையும் இத்தகையதே.

தமிழில் இயங்குவதாகச் சொல்லப்பெறும் மென்பொருள்கள் சிலவற்றைத் திறந்து பார்ப்போர், ‘படம் ஐ நீக்கவா?’ என்று கேட்கும் சாளரத்தையும், ‘கோப்பு (F)’ என்று வால் முளைத்த பட்டியையும், ‘5 கோப்பு(கள்) நீக்கப்பட்டது’ என்று ஒருமை பன்மை மயங்கிய அறிவிப்பையும் காண்பர். கண்டவர் உடனே மொழிபெயர்த்தவரைப் பழிப்பர். ‘தமிழறியாதவன் செய்த தமிழ்’ என்று நகைப்பர். ஆயின், மொழிபெயர்த்தவர் தமிழை நன்கறிந்தவராகவே இருத்தல் கூடும். அவர் கையில் கொடுக்கப்பட்ட அச்சு ஆங்கிலத்திற்கென வார்க்கப்பட்டது. அவ்வச்சில் எம்மொழியை ஊற்றினும் ஆங்கிலத்தின் எலும்பே உள்ளே நிற்கும். பிழையின் வேர் சொல்லில் இல்லை. கருவியிலும் அதனைக் கையாளும் முறையிலும் உள்ளது. அக்கருவி யாது, அதனைச் செய்தவர் யாவர், அதில் தமிழுக்குரிய இடத்தைப் பெறுவது யாங்ஙனம் என்பவற்றைத் தமிழுணர்வுடையோர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

பட்டறை யாது?

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் காணப்பெறும் சாளரம், பட்டி, அழுத்துகுமிழ், எழுதுகட்டம், உருள்பட்டை முதலிய உறுப்புகளை ஒவ்வொரு நிரலரும் தொடக்கத்திலிருந்து தாமே வரைவதில்லை. வீடு கட்டுவோன் கதவையும் நிலையையும் தச்சுப் பட்டறையினின்று கொணர்ந்து பொருத்துவதுபோல், நிரலரும் முன்னரே செய்து வைக்கப்பட்ட உறுப்புகளை எடுத்துப் பொருத்திக் கொள்கின்றனர். அவ்வுறுப்புகளின் தொகுதியே இடைமுகக் கருவித்தொகுதி எனப்படுவது. விண்டோசு, மாக்கு, இலினக்சு, ஆண்டிராய்டு என இயங்குதளங்கள் பலவாதலின், ஒருமுறை எழுதிய நிரலே அனைத்துத் தளங்களிலும் இயங்குமாறு செய்யும் தொகுதிகள் தோன்றின. அவை பல்தளக் கருவித்தொகுதிகள். உலகில் வழங்கும் பல்லாயிரம் மென்பொருள்கள் இத்தகைய சில பட்டறைகளினின்றே வெளிவருகின்றன. ஆகலின், ஒரு பட்டறையில் ஒரு மொழிக்கு இடம் கிடைப்பின் ஆயிரம் மென்பொருளில் இடம் கிடைத்ததாகும். அங்கு இடம் இல்லையாயின் ஆயிரத்திலும் இல்லை.

இப்பட்டறைகள் வல்லரசுகளின் தலைநகரங்களிலேயே தோன்றியவை என்று எவரும் எண்ணற்க. இவற்றுள் பெரும்புகழ் பெற்ற கியூட்டு என்னும் தொகுதி, இன்றும் 60 நூறாயிரத்திற்குக் குறைந்த மக்களையே உடைய நார்வே நாட்டில் பிறந்தது. ஆவார்டு நார்டு, எய்ரிக்கு சாம்பே எங்கு என்னும் இருவர் 1990-ஆம் ஆண்டில், கேளா ஒலியால் எடுக்கப்பெறும் மருத்துவப் படங்களைத் தொகுத்து வைக்கும் நிரல் ஒன்றை எழுதிக் கொண்டிருந்தனர். அந்நிரல் யூனிக்சு, மாக்கு, விண்டோசு ஆகிய மூன்றிலும் இயங்குதல் வேண்டுமென்பது அவர்க்கு இடப்பட்ட பணி. மூன்று தளங்கட்கு மும்முறை எழுதுவதினும், மூன்றிலும் இயங்கும் ஒரு கருவியையே செய்துகொள்ளல் நன்றென அவர்தம் உள்ளத்தில் தோன்றியது. 1991-இல் எழுதத் தொடங்கி, 1994-இல் தமக்கென ஒரு நிறுவனம் கண்டு, 1995-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அதனை உலகிற்கு வெளியிட்டனர். ‘கியூ’ என்னும் எழுத்து தம் திரையின் எழுத்துருவில் அழகுறத் தோன்றியமையால், அவ்வெழுத்தையே பெயரின் தலையில் வைத்தனராம். தம் கண்ணுக்கு இனிய எழுத்தைத் தாம் செய்த கருவிக்குப் பெயராக்கும் உரிமை, செய்தவர்க்கே உரியதன்றோ?

ஏனையவும் இத்தகையனவே. இன்று டபிள்யூ.எக்சு. விட்செட்சு என வழங்கும் தொகுதி, 1992-இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் சூலியன் சுமார்ட்டு என்பவரால் தொடங்கப்பெற்றது. அதன் பழம்பெயரில் ‘விண்டோசு’ என்னும் சொல் இருந்தமையால், மைக்ரோசாப்டு நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க 2004-இல் அப்பெயர் மாற்றப்பட்டது. சாளரத்தைக் குறிக்கும் ஒரு பொதுச்சொல்லே வணிக உடைமையாகிவிட்ட விந்தையைக் காண்க. சி.டி.கே. என்னும் தொகுதியோ, கலிபோர்னியாவின் பெருக்கிலியில் மாணவர் இருவர் கிம்ப்பு என்னும் ஓவியக் கருவியைச் செய்யப் புகுந்தபோது அதன் துணைக்கருவியாய்ப் பிறந்தது. சாவா மொழியினர் 1995 முதல் ‘ஒருமுறை எழுதுக, எங்கும் இயக்குக’ என்னும் முழக்கத்தோடு வந்தனர். 2013-இல் ஒரு நிரலெழுது கருவிக்கெனத் தொடங்கப்பெற்ற எலெக்ட்ரான், வலை உலாவியையே மென்பொருளுக்குள் பொதிந்து தந்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் நிறுவனத்தின் பிளட்டர் தன் முதல் நிலைபதிப்பை எய்தியது.

இங்கு ஒரு சொல்லாய்வு பொருத்தமுடைத்து. ஆங்கிலத்தின் ‘விண்டோ’ என்னும் சொல், நார்வே முதலிய வடபுல நாடுகளின் பழைய மொழியினின்று ஆங்கிலம் கடன்கொண்டதாகும். ‘காற்றின் கண்’ என்பதே அதன் பொருள். தமிழிலோ சிலப்பதிகாரக் காலத்திலேயே ‘காலதர்’ என்னும் சொல் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பலகணி என்பதும் கண்ணையே உட்கொண்ட சொல். வடபுலத்தாரும் தமிழரும் காற்றையும் கண்ணையும் கொண்டே அப்பொருளுக்குப் பெயரிட்டனர். இத்துணைச் சொல்வளம் உடைய தமிழர், இடைக்காலத்தில் போர்த்துகீசியர் தந்த ‘சன்னலை’ வாங்கிக் கொண்டனர். இன்றோ திரையின் காலதரைப் பிறர் செய்த சட்டத்தில் பிறர் அளவுக்கே பொருத்தி வாழ்கின்றனர்.

எழுத்தின் நிலை

இனி, இக்கருவிகள் தமிழை நடத்தும் முறையை எழுத்து, சொல், தொடர் என மூவகையாற் காண்போர்க்கு உண்மை தெளிவாகும்.

பல்தளக் கருவித்தொகுதிகளில் இருநெறிகள் உள. ஒன்று, அந்தந்த இயங்குதளம் தரும் உறுப்புகளையே இரந்து பெற்றுப் பயன்படுத்துவது. எடின்பரோத் தொகுதியும் சாவாவின் முதற் கருவியும் இந்நெறியின. மற்றொன்று, உறுப்பு ஒவ்வொன்றையும் தானே வரைந்து கொள்வது. கியூட்டும், சாவாவின் இரண்டாம் கருவியாகிய சுவிங்கும், பிளட்டரும் பெரும்பாலும் இந்நெறியின. முதல்நெறியில் இயங்குதளம் தமிழறிந்திருப்பின் மென்பொருளும் தமிழறியும். இரண்டாம் நெறியிலோ, தானே வரையும் கருவி தமிழெழுத்தையும் தானே கற்றிருத்தல் வேண்டும். இன்றேல், இயங்குதளம் தமிழறிந்திருந்தும் பயனில்லை.

தமிழெழுத்தைக் கற்றலாவது யாது? ‘கெ’ என்னும் உயிர்மெய்யில் கண்ணுக்கு முன்னிற்பது ஒற்றைக்கொம்பு. ஒலியில் முன்னிற்பது ககர மெய். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் கண்ட உண்மை. ஒருங்குறியும் அவ்வொலி முறையிலேயே ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகச் சேமிக்கின்றது. சேமித்த முறையினின்று காணும் முறைக்கு மாற்றிக் கொம்பை முன்னே கொணர்ந்து வைப்பது திரையில் வரையும் கருவியின் கடன். ‘கொ’ என்பதிலோ ஒரே குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிளந்து, மெய்யின் இருபாலும் நிறுத்துதல் வேண்டும். ‘கு’, ‘சு’, ‘டு’, ‘று’ என உகர வரிசையில் வடிவுகள் வேறு வேறாதலின் அவற்றையும் எழுத்துருவினின்று தெரிந்தெடுத்தல் வேண்டும். இது செய்யாத கருவியில் கொம்பு பின்னும் மெய் முன்னுமாகச் சிதறி, தமிழ் தமிழாய்த் தோன்றாது. விளையாட்டு மென்பொருள்கள் செய்ய உதவும் கோடோ என்னும் பல்தளப் பொறி, 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த தன் நான்காம் பதிப்பில்தான் இவ்வாற்றல் பெற்றது. அதன் முன்னைப் பதிப்புகளில் தமிழ்ச்சிறார்க்கு விளையாட்டுச் செய்ய முனைந்தோர் பட்ட பாடு அவரே அறிவர்.

இத்துறையில் நெஞ்சில் நிறுத்தத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. 1996-இல் கே.டி.இ. என்னும் குழுவினர் கியூட்டைக் கொண்டு இலினக்சுக்கு ஒரு முழுப் பணித்திரையை அமைக்கத் தொடங்கினர். கியூட்டின் உரிமம் அந்நாளில் முழு உரிமை நல்காதது எனக் கருதியோர், 1997-இல் குனோம் என்னும் மாற்றுக் குழுவாய் நின்று சி.டி.கே.யைக் கைக்கொண்டனர். 2000-ஆம் ஆண்டில் கியூட்டு கட்டற்ற உரிமத்தின்கீழும் வெளிவந்தது. ஆயினும் இரு குடும்பங்களும் இருவேறு குடும்பங்களாகவே நின்றன. அங்ஙனம் நின்றும், உலக மொழிகளின் எழுத்தைத் திரையில் கோத்தமைக்கும் பணியில் மட்டும் இரண்டும் ஒன்றுபட்டன. இரண்டும் தனித்தனியே வளர்த்துவந்த எழுத்துக்கோப்பு நிரல் 2006-இல் ஒரு பொதுப்பணியாய் இணைந்தது. அதன் பெயர் ஆர்ப்பசு. அஃது ஆங்கிலச் சொல் அன்று. ‘எழுத்து’, ‘திறந்த’ எனப் பொருள்படும் இரு பாரசீகச் சொற்களால் ஆயது. ஈரானிற் பிறந்த நிரலர் ஒருவர் அதனை முன்னின்று வளர்த்துத் தம் தாய்மொழியிலேயே பெயரும் இட்டார். குனோம் குடும்பத்தின் எழுத்துக்கோப்புக் கருவியாகிய பாங்கோவும், ‘அனைத்து’ என்னும் கிரேக்கச் சொல்லும் ‘மொழி’ என்னும் சப்பானியச் சொல்லும் கூடி அமைந்த பெயருடையது. இன்று ஆண்டிராய்டு, கியூட்டு, சி.டி.கே., பிளட்டர், 2017-க்குப் பிந்திய சாவா ஆகிய அனைத்திலும் தமிழ் எழுத்தை ஒழுங்குற நிறுத்தும் கை அப்பாரசீகப் பெயருடைய நிரலின் கையே.

தமிழெழுத்து இன்று பெரும்பாலான திரைகளில் சிதையாது தோன்றுவதற்கு, தம் எழுத்தின்மேல் காதல் கொண்ட பிறமொழியாளர் பலரின் உழைப்பே பெருங்கரணியம் என்பதை நன்றியோடு உரைத்தல் வேண்டும். நன்றி உரைத்தலோடு, பொதுக்கிணறு தோண்டிய அவ்விடத்திற்குத் தமிழர் எத்துணைபேர் மண்வெட்டியோடு சென்றனர் என்றும் வினவுதல் வேண்டும்.

சொல்லின் நிலை

எழுத்தை அடுத்தது சொல். பட்டிகளிலும் குமிழ்களிலும் உள்ள சொற்களைத் தனிக்கோப்பில் பிரித்து வைத்து, மொழிதோறும் மாற்றிக்கொள்ளும் ஏந்தினைக் கருவித்தொகுதிகள் நெடுங்காலமாகவே தந்துள்ளன. தமிழ்த் தொண்டர் பலர் கூலி பெறாது, இரவு பகல் பாராது கே.டி.இ., குனோம் முதலியவற்றைத் தமிழாக்கினர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆயினும், இருவகைக் குறைகள் இன்றும் நீங்கவில்லை.

முதற்குறை, ‘கோப்பு (F)’ என்னும் வால். சுட்டியைத் தொடாது விசைப்பலகையாலேயே பட்டியைத் திறத்தற்பொருட்டு, ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்தைக் கீழ்க்கோடிட்டுக் காட்டும் முறை ஆங்கிலத்திற்கு அமைக்கப்பெற்றது. அம்முறையில் ஓரெழுத்து ஒரு விசைக்கு ஈடாதல் வேண்டும். தமிழிலோ ‘கோ’ என்பது பார்வைக்கு ஓரெழுத்தாயினும், விசைப்பலகையில் மெய்யும் உயிருமாக இரண்டு தட்டுகளில் அமைவது. ஆகலின், தமிழ்ச்சொல்லின் பின்னே ஆங்கில எழுத்தைப் பிறைக்கோட்டுக்குள் தொங்கவிட்டு அமைந்தனர். சீனரும் சப்பானியரும்கூட இவ்வாறே செய்துள்ளனர் என்பர். அவர்கள் எழுத்து பல்லாயிரம், விசையில் அடங்காதது. தமிழ்க்கோ 12 உயிரும் 18 மெய்யுமே அடிப்படை. 1999-இல் வகுக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையில் அவ்வுயிரும் மெய்யும் விசைக்கு ஒன்றாக அமர்ந்துள்ளன. முதல்மெய்யின் விசையை அழுத்தினால் அம்மெய்யில் தொடங்கும் பட்டி திறக்குமாறு கருவியைத் திருத்துவது இயலாத செயலன்று. ககர விசைக்குக் கோப்பு, தகர விசைக்குத் தேடு, உகர விசைக்கு உதவி எனத் தமிழின் நெறியிலேயே அமைக்கலாம். அதனைக் கேட்பார் இல்லாமையால் செய்வாரும் இலராயினர்.

இரண்டாம் குறை, தமிழர்தம் குறையே. ஒரே செயலுக்கு ஒரு மென்பொருளில் ‘தவிர்’, மற்றொன்றில் ‘கைவிடு’, வேறொன்றில் ‘இரத்து செய்’ என வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. இரத்து என்பது அரபியினின்று வந்த சொல். ‘கைவிடு’ என்னும் செந்தமிழ்ச் சொல் இருக்க அதனை வைப்பது பொருந்தாது. தூய்மை ஒருபுறம் இருக்க, ஒரு குமிழுக்கு மூன்று பெயர் வழங்கின் பயன்படுத்துவோர் மருள்வரன்றோ? தனித்தமிழ் அன்பரிடையேயும் ‘யான் ஆக்கிய சொல்லே சொல்’ என்னும் பிடிவாதம் உண்டு என்பதை மறைத்தலாகாது. நல்ல சொற்கள் பத்து இருப்பினும், திரையில் நிற்கவேண்டுவது ஒன்றே. ஒரு பொதுச்சொற் பட்டியலுக்கு உடன்படாத தூய்மை, ஏட்டில் மணக்கும், நாட்டில் பயன்படாது.

இனி, ‘அமைப்புகள்’ என்னும் சொல் குமிழுக்குள் அடங்காது ‘அமைப்...’ எனத் துண்டுபட்டு நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். ‘தமிழ்ச்சொல் நீளமானது, அதனால்தான் வெட்டுகின்றது’ என்பது சோம்பல் நிரலர் கூறும் விடை. கியூட்டும் சி.டி.கே.யும், 1990-களின் தொடக்கத்திலேயே வந்த டி.கே. என்னும் கருவியும், உள்ளிருக்கும் சொல்லின் அளவைக் கேட்டறிந்து அதற்கேற்பத் தாமே விரியும் அடைப்புகளைத் தந்துள்ளன. அவ்வேந்தினைக் கைக்கொள்ளாது, ஆங்கிலச் சொல்லை அளந்து அகலத்தை முன்னரே அறுதியிட்டுவிட்ட நிரலரின் குற்றமே அது. ஆங்கிலத்தினும் நீண்ட சொற்களை உடைய செருமானியர் இக்குற்றத்தைப் பொறுப்பதில்லை, தமிழர் பொறுக்கின்றனர்.

தொடரின் நிலை

மூன்றாவதே தலையாய சிக்கல். ஆங்கிலத்தில் ‘நீக்கு’ என்னும் வினையின்பின் எப்பெயரை வைப்பினும் அப்பெயர் வடிவு மாறாது. ஆகலின், நிரலர் தொடரை ஒருமுறை எழுதிப் பெயர் வருமிடத்தில் ஒரு துளை விட்டுவைப்பர். இயங்கும்போது எப்பெயர் வருகின்றதோ அஃது அத்துளையில் செருகப்படும். செங்கல் அடுக்குவது போன்ற இம்முறை ஆங்கிலத்திற்குப் பொருந்தும். தமிழோ பெயரும் உருபும் புணர்ந்து நிற்கும் மொழி. படம் என்பது ஐயுருபு ஏற்குங்கால் அத்துச்சாரியை பெற்றுப் படத்தை ஆகும்; வீடு ஒற்றிரட்டி வீட்டை ஆகும்; பூ உடம்படுமெய் பெற்றுப் பூவை ஆகும். துளையில் பெயரைச் செருகி உருபைத் தனியே நிறுத்தின் ‘படம் ஐ’ என்னும் முடவடிவே விளையும். உலகில் இச்சிக்கலுக்கு ஆளானது தமிழ் மட்டுமன்று. 15 வேற்றுமை உடைய பின்னியமும், உருபுகளை அடுக்கிச் செல்லும் துருக்கியமும், அங்கேரியமும் இதே துன்பத்தை உற்றன.

அவ்வாறு உற்றோர் வாளா இருந்திலர். பெயர்கள் வேற்றுமைதோறும் ஈறு திரியும் செர்பிய மொழியினர், தமிழரின் தொகையோடு ஒப்பிடின் மிகச் சிறிய மக்கள். கே.டி.இ. குழுவில் செர்பியத்திற்கு மொழிபெயர்த்துவந்த ஒருவர், ‘என் மொழியின் பெயர்கள் வேற்றுமைதோறும் திரியும், அதற்கு இக்கருவியில் இடமில்லை’ என்று முறையிட்டதோடு அமையாது, மொழிபெயர்ப்புக்குள்ளேயே சிறு நிரல் எழுதிப் பெயரைத் திரித்துக்கொள்ளும் ஓர் ஏந்தினைத் தாமே ஆக்கிக் கருவிக்குள் சேர்த்தார். 2008-இல் வெளிவந்த கே.டி.இ. நான்காம் பதிப்பு முதல் அவ்வேந்து எல்லா மொழிக்கும் திறந்து கிடக்கின்றது. தொல்காப்பியர் வகுத்த புணர்ச்சி நெறிகள் நிரலாக எழுதுதற்கென்றே அமைந்தவை போன்று ஒழுங்குடையன. மகர ஈறு கெட்டு அத்துப் பெறும். உயிரீற்றின் முன் வகரமோ யகரமோ உடம்படுமெய்யாக வரும். நெடிற்றொடர்க் குற்றியலுகரம் டகர றகரத்தின்முன் ஒற்றிரட்டும். இவற்றை எழுத ஓர் இலக்கணப் புலவரும் ஒரு நிரலரும் ஒரு மேசையில் அமர்ந்தாற் போதும். செர்பியர் திறந்த கதவு அது. தமிழின் புணரியல் அதன்வழி நுழைதற்கு யாதொரு தடையும் இல்லை.

நிரல் எழுதாமலே தீரும் வழியும் தமிழிலக்கணத்திலேயே உண்டு. ‘என்னும்’ என்ற ஒரு சொல்லை இடையில் வைப்பின், துளையில் எப்பெயர் வரினும் அது திரியவேண்டுவதில்லை. ‘பொங்கல் என்னும் படத்தை நீக்கவா?’ என்புழி, உருபு ஏற்பது முன்னரே அறியப்பட்ட ‘படம்’ என்னும் பொதுப்பெயர். துளையில் வந்த பெயர் திரியாது நின்றது. ஆங்கில எழுத்தில் அமைந்த கோப்புப் பெயராயினும் இம்முறையில் தீங்கின்றி அமர்கின்றது. பொதுப்பெயரும் துளையில் வருவதாயின், படத்திற்கு ஒரு முழுத்தொடர், பாட்டிற்கு ஒரு முழுத்தொடர், மடலுக்கு ஒரு முழுத்தொடர் எனத் தனித்தனியே எழுதுமாறு நிரலரை வலியுறுத்தல் வேண்டும். நறுக்கிய துண்டுகளைத் தரும் நிரலர், மொழிபெயர்ப்பாளரின் கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்பவரே ஆவர்.

ஒருமை பன்மையும் இவ்வாறே. கருவித்தொகுதிகள் எண்ணுக்கேற்பத் தொடரை மாற்றும் ஏந்து உடையன. அரபிக்கு 6 வடிவு, சப்பானியத்திற்கு 1, தமிழுக்கு 2. முழுத்தொடருக்கு இவ்வேந்தினைப் பயன்படுத்தின் ‘1 கோப்பு நீக்கப்பட்டது’ என்றும், ‘5 கோப்புகள் நீக்கப்பட்டன’ என்றும் எழுவாயும் பயனிலையும் ஒத்து நிற்கும். அதனை விடுத்துக் ‘கோப்பு(கள்)’ என்று எழுதுவது, உள்ள கருவியையும் கையாளாத மடிமையேயாகும்.

இவ்வகைத் தொடர்ச்சிக்கல்களைத் தீர்க்க உலகம் இன்று முனைந்து நிற்கின்றது. மொசில்லா நிறுவனத்தினர் புளூயெண்டு என்னும் முறையில், மென்பொருட்பெயர் போன்ற சொற்களுக்கு வேற்றுமை வடிவுகளை மொழிபெயர்ப்பாளரே வகுத்துக்கொள்ள வழி செய்துள்ளனர். ஒருங்குறி அவையத்தார், எண்ணுக்கும் பிற நிலைகளுக்கும் ஏற்பத் தொடரைத் தெரிந்தெடுக்கும் செய்தித்தொடர் முறையின் இரண்டாம் பதிப்பை 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிலைபெறச் செய்தனர். வருங்காலக் கருவித்தொகுதிகள் இத்தகைய வரையறைகளின்மேல் எழும். அடித்தளம் இடும் நாளில் தன் அளவைச் சொல்லாதவன், சுவர் எழுந்தபின் வாயில் குறுகிற்று என்று வருந்துவதில் பொருளில்லை.

தடை கூறுவோர்க்கு விடை

‘மொழிபெயர்ப்பை எந்திரமே செய்யும் காலம் வந்துவிட்டது, இனி இவ்வுழைப்பு எதற்கு?’ என்பார் உளர். எந்திரம் எத்துணை நன்றாக மொழிபெயர்ப்பினும், அதற்கு உண்ணக் கொடுப்பது நறுக்கிய துண்டாயின், அது தருவதும் நறுக்கிய துண்டாகவே இருக்கும். ‘ஐ’ என்னும் உருபைத் தனியே நிறுத்தும் துளை அங்கேயே கிடக்க, எந்திரத்தின் அறிவு அத்துளையை அடைக்காது. மேலும், அவ்வெந்திரங்கள் கற்பது முன்னரே தமிழில் எழுதப்பட்டவற்றினின்று. ‘படம் ஐ நீக்கவா?’ என்பதே திரைதோறும் நிறையின், வருங்கால எந்திரமும் அதனையே தமிழெனக் கற்கும்; வருங்காலச் சிறாரும் அதனையே தமிழெனக் கற்பர்.

‘கணிப்பொறி பயில்வோர் ஆங்கிலம் அறிந்தவர்தாமே’ என்பார் கூற்று முப்பதாண்டுக்கு முன்னர் ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று உழவரும் மீனவரும் காய்கறி விற்கும் மூதாட்டியும் கைப்பேசித் திரையைத் தொட்டே பணம் பெறுகின்றனர். அரசுக்கு விண்ணப்பம் விடுக்கின்றனர். அவர்கள் முன் தோன்றும் கேள்வி பிழைபட்டதாயின், பிழையான விடையால் இழப்பது அவர்தம் பொருளும் உரிமையும் ஆகும்.

செய்யவேண்டுவன

தமிழரின் நிரலர் படையோ சிறிதன்று. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் தமிழ்ப்பிள்ளைகள் இக்கருவித்தொகுதிகளைக் கொண்டே பிறர்க்கு மென்பொருள் செய்து தருகின்றனர். அவர்கட்குக் கைத்திறன் உண்டு. தம் மொழியின் பொருட்டு அக்கைத்திறனை ஒரு நாழிகையேனும் செலவிடுதல் வேண்டும் என்னும் எண்ணமே அரிதாயிற்று. கியூட்டு, சி.டி.கே., ஆர்ப்பசு, பிளட்டர் ஆகியவற்றின் நிரல்கள் எவரும் படித்துத் திருத்தம் விடுக்குமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளன. தமிழுக்குற்ற பிழையைக் காண்போர் அப்பட்டறைக்கே எழுதி, எடுத்துக்காட்டோடு முறையிட்டுத் திருத்தத்தையும் உடன் விடுத்தல் வேண்டும். அங்கு நாட்டின் பெருமையோ குடியின் பெருமையோ வினவப்படுவதில்லை. செய்த வேலையே வினவப்படுகின்றது.

தமிழ்ப்புலவர் கணிப்பொறியை அயலார் கருவியென்று ஒதுக்குதலும், நிரலர் இலக்கணத்தைத் தேர்வுப் பாடமென்று ஒதுக்குதலும் ஒருங்கே ஒழிதல் வேண்டும். கல்லூரிகளில் தமிழ்த்துறையும் கணிப்பொறித் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒருவர் வாயிலை ஒருவர் மிதியாதிருத்தல் பெருங்கேடு. தமிழக அரசு தான் வாங்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் முதலில் தமிழில் திறத்தல் வேண்டும் என்றும், தொடர்கள் முழுமையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே வரைதல் வேண்டும். பொருள் கொடுப்போன் கேளாததைப் பொருள் பெறுவோன் தானே செய்யான்.

இவை அனைத்திற்கும் முன்னே, தமிழுணர்வுடையோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் தத்தம் கைப்பேசியின் மொழியை இன்றே தமிழுக்கு மாற்றுதல் வேண்டும். மேடையில் தமிழ் முழங்கிவிட்டுப் பையிலிருந்து எடுக்கும் கருவி ஆங்கிலத்தில் ஒளிர்வது யாது முறை? தமிழில் வைத்துப் பயன்படுத்துவோர்க்கே குறை தெரியும். குறை தெரிந்தோரே முறையிடுவர். முறையீடு மிகுந்த மொழிக்கே பட்டறையில் இடம் கிட்டும். ஒரு வாரம் அல்லற்படுத்தும் புதுமை, மறுவாரம் பழக்கமாகிவிடும்.

நார்வேயில் இருவர் தம் பணிக்கு வேண்டிய கருவியைத் தாமே செய்தனர். ஈரானிற் பிறந்தவர் ஒருவர் தம் மொழியிற் பெயரிட்டு உலகின் எழுத்தையெல்லாம் தாங்கினார். செர்பியர் ஒருவர் தம் மொழியின் வேற்றுமைக்காகக் கருவியையே திருத்தினார். இவருள் எவரும் பெரும்படை உடையவர் அல்லர். தம் மொழி பிறர் அளவுக்குக் குனிய வேண்டுவதில்லை என்ற உறுதி உடையவர். எழுத்துக்கும் சொல்லுக்கும் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே இலக்கணம் கண்ட இனம், ‘படம் ஐ’ என்னும் தொடரைத் திரையிற் கண்டும் வாய்மூடிக் கடந்து செல்லுதல் தகுமோ? மேழியின் உயரம் தன் கைக்கு ஒவ்வாதபோது, உழவன் செய்யத்தக்கது தச்சனை வைதல் அன்று, உளியை எடுத்தல். தமிழர் உளியை எடுப்பாராக!